பொங்கல் பைக்கு எதை எடுப்பது: தாழை ஓலைப் பயோங், மஞ்சப்பை, ‘எகோ பேக்’

பிலிப்பைன்ஸின் லோஸ் பானோஸ் ஊர்ச் சந்தையில் நான் முதலில் கற்றுக்கொண்ட தகலோக் வாக்கியம் "டிட்டோ நா லாங் போ". "இதிலேயே போட்டுடுங்க" என்று பொருள். கடைசியில் வரும் ‘போ’ நம்முடைய ‘ங்க’ மாதிரி, மரியாதைக்காக ஒட்டிக்கொள்வது. பையின் வாயை விரித்து நீட்டிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போதும், காய்க்கார அக்காவின் கை காகிதப் பைக்கும் மீன்காரரின் கை ‘லாபோ’ என்கிற மெல்லிய கண்ணாடிப் பைக்கும் தானாகப் போய்விடும்.

அந்தச் சந்தைக்கு நான் கொண்டுபோகும் பை, தாழை ஓலையில் முடைந்த பயோங். பிலிப்பைன்ஸில் பாட்டிமார் காலத்திலிருந்து சந்தைக்குப் போகிற பை அது. இந்தப் பையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் வருகிற பொங்கல். இங்கே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த இடம் என்பதால் ஊரில் பலருக்கும் பெயர் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவோம். திரும்பும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேங்காய், பழம், கரும்புத் துண்டு, ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்புவது வழக்கம். இதுவரை கையில் கிடைத்த பையில் போட்டுக் கொடுத்தோம். இந்த முறை யோசித்துச் செய்யலாம் என்று பேச்சு வந்தது. ஒருவர் கோலம் அச்சடித்த எகோ பேக் என்றார். ஒருவர் மதுரையிலிருந்து மஞ்சப்பை வரவழைக்கலாம் என்றார். நான் பயோங் என்றேன். "அழகா இருக்கும், ஆனா நடைமுறைக்கு ஆகுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலில் எதை விட்டுவிட நினைக்கிறோம் என்று பார்ப்போம். இங்கே கேரி பேகுக்குப் பெயர் ‘சாண்டோ பேக்’. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல் புதிதல்ல, சாண்டோ பனியனில் வரும் அதே சாண்டோதான். இரண்டு பிடியும் கையில்லாத பனியனின் தோள்பட்டை மாதிரி இருப்பதால் வந்த பெயர். கையா என்ற சுற்றுச்சூழல் கூட்டமைப்பு வீட்டுக் குப்பைகளைப் பிரித்து எண்ணி 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிலிப்பைன்ஸில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 174 கடைப் பைகளும் 163 லாபோ பைகளும் பயன்படுத்துகிறார் என்றது அது. ஷாம்பு, காபித்தூள் பாக்கெட்டுகள் இதில் சேராது. அவை தனியாக 591.

எங்கள் ஊர் லகுனா ஏரிக்கரையில் இருக்கிறது. நாட்டிலேயே பெரிய ஏரி. மக்கிலிங் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஊருக்குள் வந்து ஏரியில் சேர்கின்றன. ஏரித் தண்ணீர் பாசிக் ஆறு வழியாக மணிலாவுக்குள் ஓடிக் கடலில் கலக்கிறது. கடலுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகும் ஆறுகளில் உலகிலேயே முதலிடம் இந்தப் பாசிக்குக்குத்தான் என்று 2021-இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிலிப்பைன்ஸிலிருந்து மட்டுமே போவதாகவும் அதில் இருந்தது. கணினி மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீடுதான், ஒவ்வொரு ஆற்றிலும் இறங்கி அள்ளிப் பார்த்ததல்ல. ஆனாலும் மழைக்காலத்தில் எங்கள் தெரு ஓடையைப் பார்க்கிறவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

ஊர் நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. உலர்ந்த பொருளுக்குப் பிளாஸ்டிக் பை கூடாது, ஈரப் பொருளுக்குக் கட்டுப்பாட்டோடு மட்டும் என்று லோஸ் பானோஸ் 2008-லேயே விதி போட்டுவிட்டது. மணிலா போகும் வழியிலுள்ள முந்தின்லூபா 2011 தொடக்கத்திலும், கேசோன் நகரம் 2021 மார்ச்சிலும் தடையை நடைமுறைப்படுத்தின. உலர்ந்தது வேறு, ஈரமானது வேறு என்று விதியிலேயே பிரித்திருக்கிறார்களே, பை தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பிரிவுதான் முக்கியம். எனக்கு அது பட்டுத்தான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எகோ பேக். கடைக்காரர்கள் விளம்பரம் அச்சடித்துக் கொடுக்கும், துணி மாதிரித் தெரிகிற பை. அது துணி இல்லை. பாலிபுரோப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டவைத்த தாள், அதாவது அதுவும் பிளாஸ்டிக். ஆனால் பிளாஸ்டிக் என்பதற்காகவே தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் பைகளைத் தயாரிப்பிலிருந்து குப்பை வரை கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக வேண்டுமானால், காகிதப் பையை 3 முறை பயன்படுத்த வேண்டும். இந்த எகோ பேக் ரகத்தை 11 முறை. பருத்திப் பையை 131 முறை. வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போகிறவர் ஆறு வாரத்தில் எகோ பேக் கணக்கைத் தீர்த்துவிடுவார். பருத்திப் பைக்கு ஒன்றேகால் வருடம் ஆகும்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, மஞ்சப்பையோடு வளர்ந்தவள் என்பதால். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. மெல்லிய பையை வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு மறுபடி பயன்படுத்தினால் பருத்திப் பையின் எண்ணிக்கை 327 ஆகிவிடுகிறது, அதாவது மூன்று வருடத்துக்கு மேல். இங்கே எல்லா வீட்டிலும் சாண்டோ பேக் கடைசியில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. டென்மார்க்கில் 2018-இல் செய்த ஆய்வு இன்னும் கடுமை. வெப்பமாதல் ஒன்றை மட்டும் பார்த்தால் பருத்திப் பைக்கு 52 முறை போதும். தண்ணீர், ஓசோன் படலம் என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை என்றது. பருத்தி விளைய வேண்டிய தண்ணீர், உரம், மருந்து, அப்புறம் நூற்பு, நெசவு, சாயம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏறுகிற சுமை அது.

இந்த எண்களைக் காட்டி மஞ்சப்பையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஏற்கனவே வீட்டில் இருக்கிற மஞ்சப்பைக்கு இணையான பை எதுவும் கிடையாது. துவைக்கலாம், மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தடை வந்து, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. அங்கே பருத்தியும் இருக்கிறது, தையலும் இருக்கிறது, அச்சகமும் இருக்கிறது. அந்த ஊருக்கு அது பொருத்தம். இங்கே பருத்தி இறக்குமதிப் பொருள். ஒரு நாள் விழாவுக்காகப் புதுப் பருத்திப் பைகளைத் தைத்து விமானத்தில் வரவழைத்து, ஏற்கனவே நான்கைந்து துணிப்பை வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தால் அவை அலமாரியில்தான் உட்காரும். அலமாரியில் இருக்கும் பை 131-ஐ எப்போது தொடும்?

எகோ பேக்குக்கும் அதே கதிதான். டிசம்பர் வந்தால் கடையும் அலுவலகமும் அதில்தான் பரிசு போட்டுக் கொடுக்கின்றன. என் வீட்டில் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது இருந்தன. பதினோரு முறை பயன்படுத்தினால் போதும் என்கிற கணக்கு பதினொன்றாவது முறை வரை அந்தப் பை கையில் இருந்தால்தான் செல்லும். புதுசு புதுசாக வந்துகொண்டே இருந்தால் பழையது எப்போதும் மூன்றாவது நான்காவது முறையிலேயே நின்றுவிடுகிறது. பிடியை ஒட்டியிருக்கும் இடம் தேங்காய் கனத்துக்கு விட்டுவிடும். பால்கனியில் ஒரு கோடை கிடந்தால் தொட்டதும் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில் மழையோடு எங்கே போகும் என்று மேலே சொல்லிவிட்டேன். பிரிட்டன் கணக்கில் வெப்பமாதல் இருக்கிறது, ஏரியும் ஆறும் இல்லை. எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

காகிதப் பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மூன்று முறை பயன்படுத்துவது எங்கே, வீடு வரை வந்தாலே பெரிது.

இப்போது பயோங். அந்த இரண்டு பிரிட்டன், டென்மார்க் ஆய்விலும் ஓலைப்பை கிடையாது, ஆகவே இத்தனை முறை என்று ஒரு எண்ணை என்னால் காட்ட முடியாது. ஆனால் அது எப்படி உருவாகிறது என்று போய்ப் பார்த்தேன். எங்கள் லகுனா மாகாணத்திலேயே லூயிசியானா, கவிந்தி என்று இரண்டு ஊர்கள் தாழை ஓலை முடைவதற்குப் பேர்போனவை. பக்சான்ஹானிலிருந்து லுக்பானுக்கு மலையேறும் சாலையில் இருக்கிறது லூயிசியானா. ஜீப்னி என்கிற, ஜீப் மாதிரியான சிற்றுந்தில் போனால் பாதி வழியிலேயே காற்று குளிர ஆரம்பித்துவிடும். சாலையோர முற்றங்களில் ஓலை காய்கிறதைப் பார்த்தால் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ‘பந்தான்’ என்றால் தாழை இனம். சமையலில் வாசனைக்குப் போடும் பந்தான் வேறு. இலங்கைத் தமிழர்கள் ரம்பை என்பார்களே, அது. முடைகிற பந்தான் நம் கடற்கரைத் தாழைக்கு உறவு. ஓரங்களிலும் நடு நரம்பிலும் முள் இருக்கும். முதலில் அந்த முள்ளைச் சீவி எடுக்கிறார்கள். பிறகு ஒரே அகலமாகக் கீறி, வெயிலில் காயப்போட்டு, கனமான உருளையை மேலே உருட்டி உருட்டி நசுக்கி மென்மையாக்குகிறார்கள். அதற்கப்புறம்தான் முடைவது. வர்ணம் வேண்டுமென்றால் ஓலையைச் சாயத்தில் கொதிக்கவைத்து மறுபடி காயவைக்க வேண்டும்.

நான் பார்த்த வீட்டில் முடைந்துகொண்டிருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். வயதான பெண்களை இங்கே ‘நானாய்’ என்பார்கள், அம்மா என்று அர்த்தம். தரையில் உட்கார்ந்து, பையின் அடியை இரண்டு பாதங்களாலும் அழுத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே முடைந்தார். விரல்கள் கண்ணைக் கேட்கவில்லை. ஓலை தயாராக இருந்தால் நடுத்தரப் பை இரண்டு ஒரு நாளில் ஆகிவிடும் என்றார். "முடைவது சின்ன வேலை, ஓலையை முடைகிற பதத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை" என்று சிரித்தார். மழை விடாமல் பெய்தால் ஓலை காயாது, காயாத ஓலையை முடைந்தால் கறுத்துப் பூத்துவிடும், ஆகவே அந்த நாட்களில் வருமானமும் இல்லை.

தாழையில் எனக்குப் பிடித்த விஷயம், ஓலை அறுத்தால் செடி சாவதில்லை. வெளி ஓலைகளை எடுக்க எடுக்க உள்ளேயிருந்து வந்துகொண்டிருக்கும், பக்கக் கன்றும் விடும். தென்னந்தோப்பு நிழலில், ஓடைக்கரையில், வேறு எதுவும் நடாத சரிவில் நிற்கிறது. பாசனம் கிடையாது. வெயிலும் கையும்தான் தொழிற்சாலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஜீப்னி தூரத்தில் ஓலை, முடைபவர், பை எல்லாம் இருக்கின்றன. பருத்திப் பைக்கு ஏறிய சுமையில் எந்தக் கட்டமும் இங்கே இல்லை, சாயம் காய்ச்சும் விறகைத் தவிர. சாயமிடாத பை என்றால் அதுவும் இல்லை. பழசானால் தோட்டத்தில் போட்டுவிடலாம், மக்கிவிடும். ஆனால் பார்த்து வாங்குங்கள்: பளபளப்புக்கு வார்னிஷ் அடித்தது, உள்ளே பிளாஸ்டிக் தாள் தைத்தது, பிடிக்கு ரப்பர் குழாய் போட்டது எல்லாம் அதே பெயரில் விற்கிறது.

விலை எகோ பேக்கை விடச் சில மடங்கு. அதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. முற்றத்தில் ஓலை நசுக்கிய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்தப் பெண்களின் கூலி ஏற்கனவே மிகக் குறைவு. மணிலா கடைகளில் தோல் பிடி போட்டு அதே பையைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கூடுதல் காசில் நானாய்க்கு எவ்வளவு போகிறது என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் அடுத்த ஓலையை எடுத்தார். குழுவில் சிலர், "மொத்தமா வாங்கறோம், குறைக்கச் சொல்லலாமே" என்றார்கள். தயவுசெய்து வேண்டாம். நேரடியாக வாங்குவதால் இடைத்தரகரின் பங்கு மிச்சமாகும், அது நானாய்க்குப் போகட்டும்.

பயோங்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வாங்கிய பை நான்கே மாதத்தில் போய்விட்டது. ஆகஸ்டு மாத மழையில் சந்தைக்குப் போய் இரண்டு கிலோ திலேப்பியா வாங்கினேன், ஊரில் ஜிலேபி கெண்டை என்போமே, அதுதான். மீன்காரர் லாபோ பையில் போட்டுக் கொடுத்ததை அப்படியே பயோங்கில் வைத்தேன். ஒரு செதில் அந்த மெல்லிய பையைக் குத்தியிருக்கிறது. மீன் தண்ணீர் முழுவதும் ஓலைக்குள். வீட்டுக்கு வந்து மீனை எடுத்துவிட்டுப் பையைச் சமையலறை மூலையில் மாட்டினேன். மூன்றாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. கழுவினேன், வெயிலில் போட நினைத்தேன், வெயில் வரவில்லை. அந்த நாற்றம் கடைசி வரை போகவில்லை. பருத்திப் பையாக இருந்தால் துவைத்திருக்கலாம், எகோ பேக்காக இருந்தால் அலசியிருக்கலாம். ஓலைக்கு ஈரம் ஆகாது, அதிலும் மீன் ஈரம் ஆகவே ஆகாது.

உலர்ந்ததையும் ஈரமானதையும் பிரித்து வைத்த விதி எனக்கு அன்றுதான் உறைத்தது. இப்போது பயோங்கின் அடியில் மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கும். மீன்காரரிடம் முதலில் காலித் தூக்கை எடைபோடச் சொல்லி, பிறகு மீனைப் போடச் சொல்வேன். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார், இப்போது அவரே கை நீட்டுகிறார். லாபோவும் மிச்சம், பையும் மிச்சம். இறைச்சிக்கும் தயிருக்கும் அதே ஏற்பாடு. நனைந்து வந்தால் பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு விசிறிக் காற்றில் உலர்த்துவேன். மூடிய அலமாரியில் வைப்பதில்லை. லேசாகப் பூத்தால் வினிகர் தொட்டுத் துடைத்து, கிடைத்த வெயிலில் வைப்பேன். இரண்டாவது பை இப்போது மூன்றாம் வருடத்தில் ஓடுகிறது. பிடி மட்டும் ஒருமுறை விட்டுப்போய்க் கயிறு கட்டினேன். வாங்கும்போது பிடியைத்தான் முதலில் பாருங்கள். விளிம்பில் மட்டும் தைத்த பிடி சீக்கிரம் விட்டுவிடும். பக்கவாட்டு முடைசலுக்குள் ஆழமாக இறங்கிப் பின்னியது நெடுநாள் வரும்.

சந்தையில் இன்னொரு பயோங்கையும் பார்ப்பீர்கள். பளீர் நிறங்களில் கட்டம் கட்டமாக, கையால் பின்னியது. அது ஓலை இல்லை, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடா. நம் வீட்டு வயர்க்கூடைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பின்னிய வயர்க்கூடை எத்தனை வருடம் உழைத்தது என்று நமக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். மீன்கார அக்காமார் கையிலேயே இதைத்தான் பார்க்கலாம், அலசிவிட்டால் போதும் என்பதால். மீன் அதிகம் வாங்குகிறவர்களுக்கு இது கெட்ட தேர்வு இல்லை. ஆனால் இதை இயற்கைப் பை என்று சொல்லி விற்கும்போது ஏமாற வேண்டாம். நகத்தால் ஓரத்தைக் கீறிப் பாருங்கள். ஓலை நார் நாராகப் பிரியும், நாடா வெள்ளைக் கோடு விழும்.

ஓலை, நார் என்று எடுத்துக்கொண்டால் தாழையோடு முடிவதில்லை. பழைய காலச் சந்தைப் பயோங் பெரும்பாலும் ‘பூரி’ பனை ஓலை. இது நம் தாளிப்பனையின் உடன்பிறப்பு. அதே மாதிரி பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை உச்சியில் பூத்துக் காய்த்து, மடிந்துவிடும் மரம். ஓலை அகலம், உறுதி, முரடு. ஆனால் குருத்தோலையைத் தொடர்ந்து வெட்டினால் மரம் தளரும், போனால் திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும். அதனால் நான் தாழைப் பக்கம் நிற்கிறேன். ஆகாயத் தாமரைத் தண்டில் பின்னிய பைகளும் எங்கள் ஏரிக்கரைப் பக்கம் கிடைக்கின்றன. படகுக்கு வழிவிடாமல் ஏரியை மூடும் களையைப் பையாக்குவது நல்ல காரியம், சந்தேகமில்லை. அந்தத் தண்டில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே ஒரு பைக்கு நிறையத் தண்டு காய வேண்டும். காய்ந்த பின்னும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் மழைக்கு அது தாழையை விடச் சீக்கிரம் பூக்கிறது. உலர்ந்த இடத்தில் வைக்கும் கூடைகளுக்கு நன்றாக இருக்கும், தினசரி சந்தைக்குச் சொல்ல மாட்டேன்.

அபாகாவை ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வாழைக் குடும்பத்து நார். கடல் தண்ணீரிலும் இற்றுப்போகாது என்பதால் ஒரு காலத்தில் உலகக் கப்பல்களுக்குக் கயிறாகப் போனது. உலகில் விளைவதில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸில்தான், அதிலும் கதாந்துவானெஸ் தீவு முன்னால் நிற்கிறது. இந்த நாட்டு ரூபாய் நோட்டுத் தாளிலேயே 20 விழுக்காடு அபாகாவும் 80 விழுக்காடு பருத்தியும் இருந்தன. 2022-இல் 1000 பீசோ நோட்டை பாலிமருக்கு மாற்றினார்கள். அபாகா விவசாயிகள் எதிர்த்தார்கள். நார் விளையும் நாட்டில் பணமே பிளாஸ்டிக்குக்குப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அபாகாப் பை ஈரத்தைத் தாழையை விட நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம்.

தெற்கே மிண்டனாவோ தீவிலுள்ள தவாவோ நகரத்தில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது எதை வாங்கிப் போகலாம் என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு என் பதில் வேறு. ஊரில் பனையோலையும் கோரையும் இருக்கிறது. சந்தைப் பை இங்கிருந்து கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. நினைவுக்காக என்றால் சமார் தீவின் பாசேய் ஊர்க்காரர்கள் ‘திகோக்’ கோரையில் செய்யும் பைகளைப் பாருங்கள். மெல்லியது, தட்டையாக மடியும், பெட்டிக்குள் இடம் பிடிக்காது. வெயிலில் கோரை விறைத்து முறியும் என்பதால் அங்குள்ள பெண்கள் சாவோப் குகையின் குளிர்ச்சியில் உட்கார்ந்து பாய் முடைவார்கள். 2013 நவம்பரில் யோலாண்டா புயல் அடித்துப் புரட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகும் முடைகிறார்கள்.

மிண்டனாவோவில் இருப்பவர்கள் த்னாலக் துணிப் பைகளையும் பார்ப்பார்கள். சேபு ஏரிப் பக்கத்து த்போலி மக்கள் அபாகா நாரில் நெய்வது. வடிவங்கள் கனவில் வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கனவு நெசவில் பெயர்பெற்ற லாங் டுலாய்க்கு 1998-இல் நாட்டின் உயரிய மரபுக்கலைஞர் விருது கிடைத்தது. ஒரு துணி நெய்ய மாதக் கணக்கில் ஆகும். அதைச் சாண்டோ பேக்குக்கு மாற்று என்று வைத்துப் பேசுவது அந்த நெசவுக்கு மரியாதை இல்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், வெங்காயம் மட்டும் போடாதீர்கள்.

மறுபடி பொங்கலுக்கு வருகிறேன். நாங்கள் கொடுக்கப்போவது தேங்காய், பழம், கரும்பு, மூடிய டப்பா. எல்லாம் உலர்ந்தது, கனமானது. தாழை முடைசலுக்குத் தேங்காய் கனம் ஒரு பொருட்டே இல்லை. வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் இதே ஊரில், வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போகிறவர்கள். ஆகவே சாயமிடாத, வார்னிஷ் அடிக்காத தாழைப் பயோங் என்பது என் முடிவு. யாரிடம் ஏற்கனவே பயோங் இருக்கிறதோ அவர்கள் முன்னாலேயே சொல்லிவிடட்டும், அவர்களுக்குப் பை வேண்டாம், பொங்கலை அவர்கள் பையிலேயே போட்டுக் கொடுப்போம். குழுவில் இரண்டு பேர் மீன் அதிகம் வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பைக்குப் பதிலாக மூடியுள்ள தூக்கு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், அதுதான் அவர்கள் வீட்டில் லாபோவைக் குறைக்கும்.

நானாயிடம் பேசிவிட்டேன். முப்பது பைக்கு இரண்டு மாதம் வேண்டும் என்கிறார், மழைக்குள் ஓலை காய வேண்டுமே. அதாவது அக்டோபர் முடிவதற்குள் முன்பணம் போய்ச் சேர வேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அடி எவ்வளவு அகலம் வேண்டும் என்று. அவரவர் வீட்டுத் தூக்கை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். இருப்பதிலேயே பெரிய தூக்கின் அளவைச் சொல்லி அடி போடச் சொல்கிறேன்.